வீட்டு மூலையில் ஒரு நில அதிர்வுமானி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் அருகே 7.0 அளவில் நிலம் நடுங்கி லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அந்நாட்டில் நில அதிர்வைக் கண்காணிக்கும் வலையமைப்பு என்று ஒன்று இருக்கவில்லை. பிறகு அமைத்தார்கள். ஆனால் கருவியை வாங்கித் தர முன்வருபவர்கள், அதற்கு ஆண்டுக்கணக்கில் மின்சாரமும் பராமரிப்பும் தர முன்வருவதில்லை. இது ஹைட்டிக்கு மட்டும் உரிய குறை அன்று.

இந்நிலையில்தான் 2019இல், பிரெஞ்சுப் புவி இயற்பியலாளர் எரிக் கலேயும் ஹைட்டிய ஆய்வாளர்களும் 'ராஸ்பெரி ஷேக்' என்னும் சிறு பெட்டிகளைப் பொதுமக்களின் வீடுகளில் வைக்கத் தொடங்கினார்கள். அதனுள்ளே ஒரு காந்தமும், வில்சுருளில் தொங்கும் கம்பிச்சுருளும் உண்டு. தரை அசையும்போது காந்தமும் கூடவே அசைய, கம்பிச்சுருள் சற்றே பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலில் பிறக்கும் மின்னோட்டத்தைச் சிறு கணினி ஒன்று எண்களாக்கி இணையத்தில் அனுப்புகிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, பெட்டியைத் தரையில் வைத்து மின்சாரமும் இணையமும் கொடுப்பது மட்டுமே. கேட்க எளிது, மின்வெட்டு அன்றாடமான நாட்டில் அதுவே பெரும் தொண்டு.

கதவை அறைந்து சாத்தினாலும், தெருவில் லாரி போனாலும் அதில் பதிவாகிவிடுமே என்று ஐயுறுவது நியாயமே. பதிவாகத்தான் செய்யும். மெதுவாக அசையும் நீண்ட அலைகளை விலையுயர்ந்த கருவிகளைப் போல இது பிடிப்பதும் இல்லை. ஆயினும் அருகில் இருப்பது என்ற ஒரு தகுதி அதற்கு உண்டு.

நிலநடுக்கத்தில் முதலில் வேக அலையும், சில விநாடிகள் கழித்து வலுத்த குலுக்கலைத் தரும் இரண்டாம் அலையும் வந்து சேரும். இடைவெளி விநாடிகளைத் தோராயமாக எட்டால் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். மூன்று விநாடி என்றால் ஏறக்குறைய 24 கிலோமீட்டர். சிறு பின்னதிர்வுகளோ தொலைவிலுள்ள கருவிகளை எட்டுமுன்பே தேய்ந்து மறைந்துவிடும். அவற்றைக் கேட்க, பக்கத்திலேயே ஒரு காது வேண்டும்.

2021 ஆகஸ்ட் 14 அன்று தென்மேற்கு ஹைட்டியில் 7.2 அளவில் நிலம் மீண்டும் அதிர்ந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதிபர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்; தெற்கே செல்லும் நெடுஞ்சாலை ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருந்ததால் ஆய்வாளர்களால் எளிதில் களத்திற்குச் செல்ல முடியவில்லை; தேசிய வலையமைப்பின் வழக்கமான கருவிகளோ செயலற்றுக் கிடந்தன. வீட்டுப் பெட்டிகள் மட்டும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தன. பின்னதிர்வுகள் இரண்டு கொத்துகளாகத் திரண்டதை அவை காட்டின. ஆழத்தில் பாறை நழுவிய இடங்கள் எனப் பிற அளவீடுகள் கண்டறிந்த இரண்டு பகுதிகளோடு அக்கொத்துகள் பொருந்தின.

என்னை மிகவும் வியக்கவைத்தது வேறொன்று. நிலநடுக்க மையத்திற்கு மிக அருகில் இருந்த ஒரே ஒரு வீட்டுப் பெட்டியின் தரவில் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்திப் பின்னதிர்வுகளை முன்கணித்தபோது, முழு வலையமைப்பின் பட்டியலைக் கொண்டு செய்த கணிப்புக்கு நிகரான துல்லியம் கிடைத்தது. 2022இல் 'சயின்ஸ்' ஆய்விதழ் இம்முடிவுகளை வெளியிட்டது. எவரோ ஒருவர் தம் வீட்டு மூலையில், பிளக்கைப் பிடுங்காமல் விட்டுவைத்திருந்த பெட்டி அது.