காதல் பாடலின் பொருள் கேட்பவரிடமே முடிகிறது

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

காதல் பாடலின் பொருளைத் தீர்மானிப்பவர் எழுதியவரா, கேட்பவரா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், யாரை நினைத்து எழுதினார் என்பது தெரிந்தால்தான் பாட்டு விளங்கும் என்றும், கேட்பவர் சொல்வதெல்லாம் தம் கதையைப் பிறர் பாட்டின்மேல் ஏற்றிச் சொல்வதே என்றும் வாதிட்டார். பேச்சு சுவையாகத்தான் இருந்தது. ஆனால், காதலைப் பாடுவதற்கென்றே தனி இலக்கணம் வகுத்த ஒரு மொழியில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னதுதான் எனக்கு வியப்பு.

யாரை நினைத்து என்ற அந்தக் கேள்வியைத் தொல்காப்பியர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். 'மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது அவர் விதி. ஒத்த காதலாகிய அன்பின் ஐந்திணையைப் பாடுகிறவர், இன்னார் காதல் இது என்று பெயர் சுட்டக் கூடாது. இந்த விதியை எவ்வளவு கண்டிப்பாகக் கொண்டார்கள் என்பதற்குச் சங்கப் பாட்டான நெடுநல்வாடையே சான்று. போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்து வாடும் அரசியை நக்கீரர் அதில் பாடுகிறார். எந்த இடத்திலும் அரசன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பாசறைக் காட்சியில் வேப்பம்பூ சூட்டிய வேல் ஒன்று வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆகவே இது இன்ன குலத்து அரசனைச் சுட்டிவிட்டது, காதலைப் பாடும் அகம் ஆகாது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் போரையும் அரசரையும் பாடும் புறத்தில் சேர்த்துவிட்டார். அத்தனை பிரிவுத் துயரமும் பாட்டில் இருக்கிறது. இன்னார் என்று அடையாளம் தெரிந்த அளவிலேயே அது காதல் பாட்டு என்ற தகுதியை இழக்கிறது. எதைத் தெரிந்துகொண்டால் பாட்டு விளங்கும் என்று நண்பர் சொல்கிறாரோ, அதைத் தெரிவிப்பதையே நம் மரபு குற்றமாகக் கருதியது. பெயர் சொல்லிவிட்டால் அது இருவருடைய செய்தி. சொல்லாதபோதுதான் கேட்கும் எவரும் உள்ளே வர இடம் உண்டு.

இன்னும் நுட்பமானது சிறைப்புறம் என்ற ஏற்பாடு. தலைவன் வேலிக்கு வெளியே மறைந்து நிற்கிறான்; உள்ளே தோழி தலைவியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ஊர் அலர் தூற்றுகிறது, தாய் காவலை மிகுத்துவிட்டாள், இனி அவன் வந்தாலும் பார்க்க வழியில்லை என்கிறாள். இவை எல்லாம் தலைவிக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்தவளிடமே திரும்பச் சொல்வது, வெளியே நிற்பவன் காதில் விழுந்து, அவன் காலம் கடத்தாமல் மணம் பேச வர வேண்டும் என்பதற்காக. தலைவியின் செவியில் ஆறுதலாகவும் துணையாகவும் விழுகிற அதே சொற்கள், அவன் செவியில் 'எப்போது மணந்துகொள்ளப் போகிறாய்' என்ற வற்புறுத்தலாகப் போய்ச் சேர்கின்றன. அந்த இரண்டையும் திட்டமிட்டவர் புலவர்தானே என்று நண்பர் கேட்கலாம். ஆம், திட்டமிட்டார், பொருள் கேட்பவரிடம் போய் முடியட்டும் என்றுதான் திட்டமிட்டார். அதோடு, இந்தப் பாட்டு சிறைப்புறமாகச் சொல்லப்பட்டது என்ற செய்தி பல பாடல்களின் அடிகளில் இல்லை. யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று பாட்டின் கீழே உள்ள துறைக்குறிப்பில் இருக்கிறது. அக்குறிப்புகளைப் பிற்காலத்தில் தொகுத்தவர்களும் கற்றவர்களும் எழுதினார்கள் என்பதே அறிஞர் பலர் கருத்து. சில பாடல்களுக்கு இப்படியும் கொள்ளலாம் என்று இரண்டாவது சூழலையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார்கள். கேட்டவர்கள் தந்த விளக்கத்தைப் பாட்டோடு சேர்த்துப் பாதுகாத்த மரபு இது.

நண்பர் வெளிநாட்டுச் சான்று ஒன்றையும் காட்டினார். போலீஸ் என்ற இசைக்குழு 1983இல் பாடிய, ஒருத்தியின் ஒவ்வொரு அசைவையும் கவனித்துக்கொண்டே இருப்பேன் என்று ஒருவன் சொல்லும் பாட்டு அது. அது பொறாமையும் கண்காணிப்பும் நிறைந்த பாட்டு என்று, அதை எழுதிய ஸ்டிங்கே சொன்ன பிறகும் மக்கள் திருமணங்களில் அதை ஒலிக்கவிடுகிறார்கள், கேட்பவரை நம்பினால் இதுதான் கதி என்றார். அந்த அச்சுறுத்தல் பாட்டின் சொற்களிலேயே இருக்கிறது. கூர்ந்து கேட்டவர்களுக்கு அதை உணர எந்தப் பேட்டியும் வேண்டியிருக்கவில்லை. நன்றாகக் கேட்டவரும் கேட்பவர்தான். இதற்கு மாறாக, அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1973இல் எழுதிய விடைபெறும் பாட்டைப் பாருங்கள். தம்மோடு சேர்ந்து பாடிய போர்ட்டர் வாகனரின் நிகழ்ச்சியைவிட்டு விலகும்போது, தொழில்முறைப் பிரிவை ஒட்டி அவர் எழுதியது அது. 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடியபோது உலகமே அதைக் காதலர் பிரிவாகக் கேட்டு அழுதது. எழுதியவர் நினைத்ததுதான் பொருள் என்றால் அத்தனை பேரும் தவறாக அழுதார்கள் என்று நண்பர் தீர்ப்பெழுத வேண்டும்.

அப்படியானால் யாரும் எதையும் சொல்லலாமா என்பது எதிரணியின் வலுவான கேள்வி. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், வயலோரத்து மாமரத்திலிருந்து தானே விழும் கனியைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊருக்கு உரியவன் என்று பரத்தை தலைவனைச் சொல்கிறாள். தேடிப்போகாமலே அவன் தன்னிடம் வந்து விழுந்தான் என்பது உள்ளே இருக்கும் பொருள். அந்தப் பொருளை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கனியையும் மீனையும் பொருத்திப் பார்க்கும் வேலை கேட்பவருடையது. ஆனால் அந்த மீனைக் கண்ட பிறகு இதைப் பணிவான மனைவியின் பாட்டு என்று யாரும் சொல்ல முடியாது. கேட்பவரைக் கட்டுப்படுத்துவது பாட்டின் சொல். எழுதியவரின் நாட்குறிப்பு அன்று. 'செம்புலப் பெயல்நீர்' பாடியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, பாட்டில் வந்த தொடரையே அவருக்குப் பெயராக வைத்திருக்கிறோம். அதனால் அந்தப் பாட்டு யாருக்கும் விளங்காமல் போய்விட்டதா?

மாணிக்கவாசகரின் திருக்கோவையார் நானூறு பாடல்களில் ஒரு காதலைத் தொடக்கம் முதல் பாடிச் செல்கிறது. அதைப் பற்றி ஒரு பழைய செய்யுள் உண்டு. அந்தணர் அதை வேதம் என்பர், யோகியர் ஆகமத்தின் காரணம் என்பர், காமுகர் காம நூல் என்பர், தருக்கம் கற்றவர் தருக்க நூல் என்பர், புலவர் இலக்கணம் என்பர் என்று வரிசையாகச் சொல்லும் அந்தச் செய்யுள், அவர்களில் ஒருவரையும் தவறு என்று தள்ளவில்லை. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், இவர்களுள் யார் தவறாகக் கேட்டார் என்பதைப் பாட்டின் சொல்லைக் கொண்டல்லாமல் பாடியவரின் நினைப்பைக் கொண்டு நிறுவிக் காட்டட்டும். நிறுவிவிட்டால் எங்கள் அணி முழுவதும் எழுந்து அவர் பக்கம் வந்து அமர்ந்துகொள்கிறோம். நன்றி, வணக்கம்.