கேலரிக்கு ‘சீசன்’ எதற்கு? மார்த்தாண்டம் டீச்சரின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசித்துவிடுகிறேன்.

“எங்கள் கல்லூரியில் பழைய நூலக அறை ஒன்று காலியாகியிருக்கிறது. அதை ஓவியக் கூடமாக மாற்றலாம் என்று முதல்வர் சொல்கிறார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆர்ட் கேலரிகளைப் பார்த்தால், இந்த சீசனில் நான்கு கண்காட்சி, பத்து நிகழ்ச்சி என்று அறிவிக்கிறார்கள். நல்ல படங்களாக வாங்கி ஒரு தடவை மாட்டிவிட்டால் போதாதா? எதற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்? நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா?”

நடக்கும் டீச்சர். முதலில் அந்த ‘சீசன்’ என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். நமக்குச் சீசன் என்றால் குற்றாலம். இல்லையென்றால் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கு வந்து குவியும் காலம். கேலரிக்காரர்கள் சொல்கிற சீசனுக்கு நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு விவசாயிகள் நெல் போடும் பருவங்களைக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று சொல்வார்களே, அந்தப் ‘பூ’. ஒரு பூ அறுத்து முடித்தால் வயலை உழுது, தண்ணீர் கட்டி, அந்தக் காலத்துக்கு எந்த விதை சரிப்படுமோ அதைப் போடுவார்கள். கேலரியும் அப்படித்தான். அறை அதேதான். ஒரு பருவத்துக்கு என்ன காட்டுவது, அதைச் சுற்றி யாரைப் பேச வைப்பது, எப்போது மூடி அடுத்ததற்குத் தயாராவது என்று யோசித்துப் போடுகிற திட்டம்தான் சீசன்.

அங்கே அது கல்வியாண்டோடு சேர்ந்து ஓடும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கி டிசம்பர் வரை ஒன்று, ஜனவரியிலிருந்து மே வரை இன்னொன்று. வெளியிலிருந்து ஒரு கலைஞரின் தனிக் கண்காட்சி, ஆசிரியர்களின் கண்காட்சி, கடைசியில் படிப்பை முடித்துப் போகும் மாணவர்களின் கண்காட்சி. திறப்பு விழாவுக்குக் கூட்டம் கூடும். அப்புறம் ஒரு நாள் கலைஞரே வந்து பேசுவார், இன்னொரு நாள் சிறுவர்களுக்குப் பயிற்சி.

சரி, ஏன் மாற்ற வேண்டும்? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், நான் ஓவிய ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில், மாணவர்கள் வரைந்த வாட்டர்கலர் படங்களைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினோம். ஐப்பசி மாதம். மழை விடவே இல்லை. செலவைக் குறைக்கலாம் என்று நான் மவுண்ட் வைக்கவில்லை. மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி வைக்கிற கனத்த அட்டைக் கரை. பார்க்க அழகுக்காக வைத்தது மாதிரி இருக்கும், ஆனால் அதன் வேலை தாளைக் கண்ணாடியில் படாமல் தள்ளி வைப்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முட்டம் கடற்கரையை வரைந்திருந்தாள். பாறைகளுக்கு நடுவில் அலை ஏறி வருகிற மாதிரி. மூன்றாவது வாரம் பார்த்தால் தாள் ஈரம் குடித்து உப்பி, கண்ணாடியில் போய் ஒட்டியிருக்கிறது. பின்பலகையைக் கழற்றி மெதுவாகப் பிரித்தேன். அலையின் நீலத்தில் பாதி தாளில் இருந்தது, பாதி கண்ணாடியோடு போய்விட்டது. ஓரத்தில் பழுப்புப் புள்ளிகளாகப் பூசணம். படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஈரத்துக்காவது அறிகுறி தெரியும். வெளிச்சம் செய்கிற சேதம் கண்ணுக்கே தெரியாமல் நடக்கும். வாட்டர்கலர், பழைய போட்டோ, துணி இவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது அருங்காட்சியகங்கள் வைத்திருக்கிற கணக்கு. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கிற அலகு. எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். டியூப்லைட் போட்ட ஒரு சாதாரண வகுப்பறையிலேயே 300 லக்ஸ் இருக்கும். ஜன்னல் பக்கம் வெயில் விழுந்தால் ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகும், ஒரு முறை போன நிறம் திரும்பி வராது. அதனால்தான் பெரிய கேலரிகளிலும் தாளில் செய்த படைப்புகளைச் சில மாதம் மட்டும் காட்டிவிட்டு, இருட்டு அறைக்குக் கொண்டுபோய் ஓய்வு கொடுக்கிறார்கள். நிரந்தரத் தொகுப்பு என்று சொல்வதில் பெரும்பகுதி எந்த நேரமும் உள்ளேதான் இருக்கும்.

நம் பத்மநாபபுரம் அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்று ஐந்தே நிறம். காவிக்கல்லும் விளக்குக் கரியும் நீலஅமரிச் செடியும் தந்த நிறங்கள். அவற்றைக் காப்பாற்றத்தான் எல்லாரையும் மேலே ஏற விடுவதில்லை. குலசேகரம் பக்கம் திருநந்திக்கரை குகைக் கோயிலுக்குப் போனால், அங்கேயும் ஒரு காலத்தில் சுவர் நிறைய ஓவியம் இருந்திருக்கிறது. இப்போது சில கோடுகள்தான் மிச்சம். அந்தக் கோடுகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால், படத்தைக் கழற்றி உள்ளே வைக்கிறார்களே என்று யாருக்கும் வருத்தம் வராது.

மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். தினமும் ஒரே இடத்தில் தொங்குகிற படத்தை நாம் பார்ப்பதே இல்லை. ஆபீஸ் சுவரில் இருக்கிற காலண்டர் மாதிரி ஆகிவிடும். ஆறு வாரத்தில் போய்விடும் என்று தெரிந்தால், இன்றைக்கே ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம் என்று பிள்ளைகள் வருவார்கள். ஒரு கல்லூரிக்குள் கேலரி இருப்பதன் பெரிய வசதியே அதுதான். பத்து நிமிட இடைவேளையில் ஓடி வந்து ஒரு படத்தை மட்டும் பார்க்கலாம், நாளைக்கு மறுபடி வந்து அதே படத்தைப் பார்க்கலாம். டிக்கெட் எடுத்து ஒரே மூச்சில் இருநூறு படம் பார்த்துவிட்டுத் தலைவலியோடு வர வேண்டியதில்லை.

இது புதுப் பழக்கமும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இல் திறந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கேலரி 1832இல், ஜான் ட்ரம்புல் என்ற ஓவியர் தன் படங்கள் நூற்றுக்கு மேல் கொடுத்ததிலிருந்து தொடங்கியது. இரண்டிலும் நுழைவு இலவசம், வெளி ஆட்களுக்கும் சேர்த்துத்தான். நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாரத் கலா பவன் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. 1920இல் தனியாகத் தொடங்கி, 1950இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸ் பிறந்தநாளுக்கு முன்னால், டிசம்பர் 1, 2 தேதிகளில் நந்தன் மேளா நடக்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த படங்கள், மண்பாண்டங்கள், காலண்டர்களை விற்று, அந்தப் பணத்தை மாணவர் நலனுக்கு வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் முதல்வரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

இனி உங்கள் அறைக்கு வருவோம். அவர்களுடைய இலையுதிர் காலத்தை நாம் அப்படியே எடுக்க முடியாது. நமக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அது ஓய்வதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு. அதாவது உங்கள் முதல் செமஸ்டர் முழுக்க ஈரம். அதனால் அந்தப் பூவில் தாளைத் தொடாதீர்கள், கல்லைப் போடுங்கள். கல் சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடி இருக்கும்போது நமக்கு என்ன குறை? அங்கே பட்டறையில் செதுக்கி நிற்கிற சிலைகளில் நான்கைந்தை இரவல் கேளுங்கள். முடிந்த சிலை மட்டும் வேண்டாம். பாதி செதுக்கியது ஒன்று, வெறும் கோடு போட்ட கல் ஒன்று, உளிகள், சுத்தியல் எல்லாம் சேர்த்து வையுங்கள்.

நிகழ்ச்சிக்கும் வெளியே தேட வேண்டாம். ஒரு சிற்பியை அழைத்து, ஒரு மணி நேரம் பிள்ளைகள் முன்னால் கல்லைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆண் கல், பெண் கல், அலிக்கல் என்று ஒலியை வைத்துத்தான் பிரிப்பார்கள். தட்டுவதைக் காதால் கேட்ட பிள்ளைகள் அடுத்த தடவை சுசீந்திரம் கோயிலுக்குப் போனால் இசைத் தூண் பக்கத்தில் வேறு மாதிரி நிற்பார்கள். இன்னொரு நாள் தோவாளையிலிருந்து மாணிக்கமாலை கட்டுகிறவர்களை அழையுங்கள். சிவப்பும் வெள்ளையுமாக அரளி, பச்சைக்கு நொச்சி இலை, பாய் முடைந்த மாதிரி பட்டையாக விரியும் மாலை. காலையில் கட்டியதை அன்றைக்கே பார்த்தால்தான் உண்டு. ஒரே நாள் கண்காட்சி என்று அதையே அறிவித்துவிடுங்கள். வடசேரியில் செய்கிற கோயில் நகைகளை வைக்கலாமா என்றால், பாதுகாப்பு, காப்பீடு என்று முதல் வருடமே சிரமம் வரும். அது அப்புறம்.

கல்லை எடுத்த பிறகு இரண்டு வாரம் கதவை மூடிவிடுங்கள். சுவரில் ஆணி அடித்த இடங்களுக்குப் பட்டி பார்த்து வெள்ளை அடிக்க அந்த நாட்கள் வேண்டும். இந்த இரண்டு வாரத்தில் மாணவர்கள் கற்றுக்கொள்வது நிறைய. படம் வந்ததும் இருட்டில் வைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கீறலும் மடிப்பும் மேடு பள்ளமாக எழுந்து வரும். அதை எழுதி, போட்டோ எடுத்து, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி அதே சோதனை. ஒரு படத்தை இவ்வளவு நெருக்கமாக வேறு எந்தப் பாடத்திலும் அவர்கள் பார்க்கப் போவதில்லை.

பொங்கல் கழிந்து ஈரம் குறைந்ததும் தாள் பூ. வாட்டர்கலர், பென்சில் படங்கள், பழைய போட்டோக்கள். மவுண்ட் இல்லாமல் ஒன்றுகூட மாட்டாதீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். நம் ஊரில் எல்லாரும் கழுத்து வலிக்கிற உயரத்தில், தாத்தா போட்டோ மாதிரி சாய்த்து மாட்டுகிறோம், அது வேண்டாம். பெயர் அட்டையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளின் பாட்டி வந்து வாசிக்கட்டும். மார்ச் கடைசியில் உங்கள் மாணவர்களின் கண்காட்சியோடு அந்தப் பூவை முடியுங்கள். கலைப் படிப்பு இல்லாத கல்லூரி என்றாலும் பரவாயில்லை, கணக்குப் படிக்கிற பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்திருப்பான், கேட்டுப் பாருங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள் டீச்சர். போனில் லக்ஸ் அளக்கிற ஆப் கிடைக்கும். துல்லியமாக இருக்காது, ஆனால் நமக்குப் போதும். அந்த நூலக அறையில் ஒவ்வொரு சுவர் பக்கத்திலும் காலை 11 மணிக்கும் மாலை 3 மணிக்கும் அளந்து, ஜன்னல்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்றும் எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்தச் சுவரில் தாள், எந்தச் சுவருக்குப் பக்கத்தில் கல் என்று அடுத்த வீடியோவில் படம் போட்டே பார்த்துவிடலாம்.