தொட்டிக்குள் ஒரு முருகைக்கல்

வணக்கம் நேயர்களே. இந்த ஒலிப்பதிவுக்கூடத்துக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்திருக்கிறேன். உப்புநீரில் நனைத்த பத்திரிகைத் தாளில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு, வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு தேங்காயளவு இருக்கும். ஆனால் கையில் ஏந்தினால் அந்தப் பருமனுக்குரிய பாரம் இல்லை. ஒரு பக்கம் ஊதா நிறப் பாசி ஓடுபோலப் படர்ந்திருக்கிறது. மறுபக்கத்துத் துளையிலிருந்து நூல்போன்ற புழு ஒன்று தலையை நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது.

கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் மீனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கல்லைப் பற்றிக் கேளுங்கள் என்பேன். கடைகளில் ‘லைவ் ரொக்’ என்று விற்கிறார்களே, அது பெரும்பாலும் இறந்த முருகையின், அதாவது பவள உயிரியின், கூடு, கல்சியம் காபனேற்று. உயிர் அதன் துளைகளில் குடியிருக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மேற்பரப்பில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஒட்சிசன் எட்டாத ஆழத் துளைகளில் வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விடுகின்றன. ஆகவே துளையில்லாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி வேலைதான் செய்யும்.

100 லீற்றர் நீருக்கு 12 முதல் 18 கிலோ வரை கல் வேண்டும் என்பது பழைய கணக்கு. கல் இலேசாகவும் துளை நிறைந்ததாகவும் இருந்தால் அதைவிடக் குறைவாகவே போதும். நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஊதாச் சாயம் ஏற்றிய செயற்கைக் கற்களும் சந்தையில் உண்டு. வாங்குமுன் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பாருங்கள். நல்ல கல்லில் வற்றுக் காலத்துக் கடற்கரையின் மணம் வரும். அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால் உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது.

இதை நான் இழந்துதான் கற்றேன். என் முதல் தொட்டிக்குக் கல் வாங்கியபோது, எல்லாம் பதப்படுத்தியாயிற்று, இன்றே மீன் விடலாம் என்றார் விற்றவர். நம்பினேன். மறுநாள் காலை இரண்டு மீன்களும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. சோதனைக் குழாயில் அமோனியா கரும்பச்சையாகக் காட்டியது. கல்லைப் புரட்டிப் பார்த்தால், அடியில் உள்ளங்கையளவு கடற்பஞ்சு கறுத்து அழுகியிருந்தது. மாலைக்குள் இரண்டும் இறந்துவிட்டன. அந்த உயிர்கள் போனது என் அவசரத்தால்தான்.

அன்றிலிருந்து எந்தக் கல்லையும் நேரே தொட்டியில் வைப்பதில்லை. பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் உப்புநீர் நிரப்பி, உள்ளே சிறிய பம்பியை ஓடவிட்டு, வெளிச்சம் படாமல் மூடி வைக்கிறேன். கறுத்த இடங்களைப் பழைய பற்தூரிகையால் தேய்த்து, நீரை அடிக்கடி மாற்றுவேன். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு இறங்க மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் சூடாக்கி கொழும்பில் தேவைப்படாது. சித்திரை வெயிலில் நீர் 30 பாகை தாண்டாமல் மின்விசிறி வைப்பதுதான் நமது பாடு. இந்த வாரங்களில் கல்லோடு வந்த விருந்தாளிகளும் வெளிப்படுவார்கள். பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோன்ற சிறு கடற்சாமந்தி தெரிந்தால் வெட்டி எடுக்க முயலாதீர்கள். விடுபட்ட சிறு துண்டும் புதிதாக முளைக்கக்கூடும்.

சரி, கல் எங்கிருந்து வருகிறது? நான் நெடுந்தீவில் பிறந்தவன். எங்கள் வளவின் வேலியே முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியதுதான். அதனால் இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புச் சூளைக்காகப் பல தலைமுறை முருகைக்கல் அகழப்பட்டது. 1998இல் கடல் சூடாகி, எஞ்சியிருந்த முருகைகளிலும் பெரும்பகுதி வெளுத்து இறந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே அளந்து பார்த்த ஆய்வாளர்கள், முருகைப் பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை சில பத்து மீற்றரோடு நின்றதையும், கல் அகழப்பட்ட பெரலியவில் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உள்ளே புகுந்ததையும் பதிவு செய்தார்கள். ரயிலோடு அத்தனை பேர் மாண்ட பெரலிய அதுதான். கடலில் முருகைக்கல் அகழ்வது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் கல்லுக்கும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்படி அனுமதிப் பத்திரம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத கடையில் வாங்காதீர்கள்.

இப்போது என் முன்னால் இருக்கும் கல்லுக்கு வருகிறேன். இது கடலில் பிறந்த கல் அல்ல. என் வீட்டு பல்கனியில் வார்த்தது. வெள்ளைச் சீமெந்து, நொறுக்கிய சிப்பி, கல்லுப்பு மூன்றையும் கலந்து, ஈர மணலில் குழி தோண்டி ஊற்றினேன். இறுகிய பின் நீரில் போட்டால் உப்புக் கரைந்து துளைகள் உண்டாகும். சீமெந்தின் காரம் போவதற்கு இரண்டு மாதம் நல்ல நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். நீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு எட்டுக்குச் சற்று மேலே நிலைத்த பிறகுதான் தொட்டியில் வைத்தேன். நண்பர் ஒருவருடைய பழைய தொட்டியிலிருந்து எலுமிச்சம்பழமளவு கல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் பக்கத்தில் வைத்தேன். பற்றீரியா சில வாரங்களில் குடியேறியது. ஊதாப் பாசி ஒரு பொட்டாகத் தெரிவதற்கே எட்டு மாதம் ஆனது. புழு எப்போது வந்தது என்று தெரியாது. ஓர் இரவு டோர்ச் அடித்துப் பார்த்தபோது இருந்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

தாள் உலரத் தொடங்கிவிட்டது. புழுவும் வெளியே வருவதை நிறுத்திவிட்டது. இதைத் தொட்டியில் அதே இடத்தில், அதே பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். அடுத்த பஸ்ஸில் புறப்படுகிறேன். வணக்கம்.