மூடியைத் திறந்தால் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் மலைக்கோட்டைப் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிற பையன்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, ஃபர்ஸ்ட் காப்பி வாங்கலாமா?" கேட்கும்போதே குரல் தானாக இறங்கிவிடும். கடையில் கிசுகிசுப்பாகப் பேசியதை இன்றைக்கு வானொலியில் உரக்கப் பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

ஃபர்ஸ்ட் காப்பி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரோலெக்ஸ், ஒமேகா, ராடோ என்று பெயர் போட்டு, இரண்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் விற்கிற வாட்ச். பெயருக்கு உரியவர் செய்ததல்ல. அதிலும் தரம் பிரித்துச் சொல்வார்கள்: செவன் ஏ, மாஸ்டர் குவாலிட்டி, அப்புறம் இன்னும் என்னென்னவோ. இந்தத் தரத்தை யார் அளந்தார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விற்கிறவர் தன் சரக்குக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம் அது.

சட்டத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி, அடுத்தவர் பெயரைப் போலியாகப் போடுவதும், அப்படிப் போட்டதை விற்பதும் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். செய்கிறவரையும் விற்கிறவரையும்தானே பிடிக்கிறது, வாங்குகிற எனக்கென்ன என்பீர்கள். சரி, நாளைக்கு அலுத்துப்போய் அதையே இன்னொருவருக்கு விற்றால் நீங்களும் விற்கிறவர்தான். கையில் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். இத்தாலியில் போலிப் பொருள் வாங்கியவருக்கே அபராதம் உண்டு, அது 7,000 யூரோ வரை போகும். சுவிட்சர்லாந்தில் சுங்கத்தில் பறித்து அழித்துவிடுவார்கள். "விற்க இல்லை சார், நான் கட்டிக்கொள்ளத்தான்" என்றாலும் விடமாட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னால் பையன்கள் தலையாட்டிவிட்டு, "சரிண்ணே, ஆனா எதை வாங்கலாம்?" என்பார்கள்! அதனால் சட்டம் பேசுவதைவிட்டு எனக்குத் தெரிந்த வழிக்கு வருகிறேன். என் வழி பின்மூடி. முன்னால் இருக்கிற டயலை ஊரெல்லாம் பார்க்கும். பின்மூடியைத் திறக்கிறவன் நான் ஒருவன்தான்.

திறந்தால் என்ன இருக்கும்? மலிவானதில் ஒரு செல்லும், சில நூறு ரூபாய் பெறுகிற சின்ன மிஷினும் இருக்கும். சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம். பெட்டி பெரிது, மிஷின் சிறிது, இடைவெளியை அடைக்கத்தான் அந்த வளையம். கொஞ்சம் விலை கூடியதில் கை அசைவில் தானாகச் சாவி ஏறுகிற சீன மிஷின் இருக்கும். இன்னும் கூடியதில், சுவிட்சர்லாந்தின் ஈட்டா கம்பெனி பல காலம் முன்பு வடிவமைத்த மிஷினை அச்சு அசலாகப் பார்த்துச் சீனாவில் செய்தது இருக்கும். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மிஷின் போலி அல்ல. பழைய வடிவத்தின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, யாரும் செய்யலாம். டயலில் எழுதியிருக்கிற பெயர்தான் போலி. அதே மிஷினை ஒரு சீனக் கம்பெனி தன் சொந்தப் பெயரில் போட்டு விற்றால் நான் குறை சொல்லமாட்டேன். அவற்றில் நல்லவை இருக்கின்றன.

அப்புறம் என்னதான் பிரச்சினை? எண்ணெய். வாட்சுக்குள் அச்சு முனைகளுக்குத் துளியிலும் துளியாக எண்ணெய் விட வேண்டும். போலியில் அந்த வேலையை யாரும் நிதானமாகச் செய்வதில்லை. வறண்டு கிடக்கும், இல்லையென்றால் வழிந்து கிடக்கும். ஓடும், நன்றாகவே ஓடும், ஆனால் எத்தனை நாள்? நின்றால் யார் ரிப்பேர் செய்வார்? இந்தக் கேள்வியை இன்றைக்கு நான் பலமுறை கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் சர்வீஸ் சென்டர் கையால் தொடாது. என்னைப் போன்றவனிடம் வருவீர்கள். என்னிடம் அதற்கு ஸ்பேர் கிடையாது.

பார்த்தே கண்டுபிடிக்கலாமே என்று பலர் சொல்வார்கள். ஊரில் உலவுகிற சோதனைகளில் பாதி தவறு. நொடி முள் வழுக்கிக்கொண்டு போனால் ஒரிஜினல், டக் டக்கென்று நின்று போனால் டூப்ளிகேட் என்பது அதில் முதலாவது. நீங்கள் வானொலி கேட்கிறவர்கள், காதாலேயே சொல்கிறேன். செல் போட்ட வாட்சைக் காதில் வைத்தால் நொடிக்கு ஒரு அடி. அரசுக் கம்பெனியான எச்.எம்.டி. செய்த பழைய சாவி வாட்ச் ஜனதாவை வைத்தால் நொடிக்கு ஐந்து. இன்றைய ரோலெக்ஸ் பெரும்பாலானவற்றில் எட்டு. எட்டடி அடிப்பதால்தான் முள் வழுக்குவதுபோலத் தெரிகிறது. சீன மிஷின்களிலும் எட்டடி அடிப்பவை உண்டு. அப்படியானால் இந்தச் சோதனை எதற்கு உதவும்? போதாததற்கு, 1977-இல் ரோலெக்ஸே ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்று செல் போட்ட வாட்ச் கொண்டுவந்தது. அதன் முள் நொடிக்கு ஒருமுறை நின்றுதான் போகும். ஒரிஜினல்தான்!

கனம் இன்னொன்று. "கையில் வெச்சுப் பாருங்கண்ணே, என்ன வெயிட்டு!" என்பார்கள். பித்தளை ஸ்டீலைவிடக் கனம். உள்ளே பித்தளை, மேலே முலாம் என்றாலும் கை இறங்கத்தான் செய்யும். திருச்சி வெயிலில், மே மாத வேர்வையில் அந்த முலாம் தேய்ந்து, அடியில் இருக்கிற நிக்கல் தோலில் பட்டு, மணிக்கட்டில் வட்டமாக அரிப்போடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வாட்சுக்கு முன்னால் தோல் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

உதவுகிற சோதனை வேண்டுமானால், ஸ்டாப் வாட்ச் மாடல் என்று விற்பதில் டயலில் இருக்கிற மூன்று குட்டி வட்டங்களைப் பாருங்கள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஸ்டாப் வாட்ச் ஓட வேண்டும். மலிவான போலியில் அவை கிழமையையும் மாதத்தையும் காட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் வெறும் படம். ரோலெக்ஸ் என்று பெயர் போட்டுப் பின்மூடியில் கண்ணாடி வைத்து மிஷின் தெரிகிறதா? சந்தேகப்படுங்கள். மிகச் சில மாடல்கள் தவிர அவர்கள் உலோக மூடிதான் போடுகிறார்கள்.

இதில் ஒரு கதை உண்டு. என் கடைக்கு வருகிற எல்லோரும் கேட்டிருப்பார்கள். நீங்களும் கேளுங்கள்.

ஒரு வைகாசி மாதம், கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத மாப்பிள்ளை வந்தார், கூடவே பெண்ணின் தம்பி. மாமனார் போட்ட ரோலெக்ஸ், பச்சைப் பெட்டியோடு. செயின் தளர்வாக இருக்கிறது, இரண்டு லிங்க் எடுக்க வேண்டும். செயினைத் திருப்பினேன். திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் அம்புக்குறி போட்டு ஊசி அடித்திருந்தது. தேதிக்கு மேலே இருக்கிற பூதக்கண்ணாடி தேதியைப் பெரிதாக்கவே இல்லை. ஒரிஜினலில் அது இரண்டரை மடங்கு காட்டும். மாப்பிள்ளைக்குப் போன் வந்து வாசலுக்குப் போனார். உடனே தம்பி குனிந்து, "அண்ணே, எதுவும் சொல்லிடாதீங்க. மாமாவுக்குத் தெரியாது" என்றான். "உங்க அப்பாவுக்கு?" என்றேன். "அவருக்கும் தெரியாதுண்ணே. துபாய்ல இருக்கிற தெரிஞ்சவர் கம்மியா வாங்கித் தர்றேன்னு சொன்னாரு. நான்தான் அப்புறம் பார்த்துக் கண்டுபிடிச்சேன்."

லிங்க்கை எடுத்தேன். மாப்பிள்ளை திரும்பி வந்து கட்டிப் பார்த்தார். "ஒரிஜினல்தானே?" என்று கேட்டுவிட்டார். பையன் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் சொன்னேன்: "நல்லா ஓடுது தம்பி. தண்ணி மட்டும் படாம பாத்துக்குங்க." மாப்பிள்ளை சிரித்தார். "என்னண்ணே, ரோலெக்ஸைக் கட்டிக்கிட்டு கடல்லயே நீந்தினாங்களாமே!"

அவர் சொன்னதும் உண்மைதான். 1927-இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது கழுத்தில் ரோலெக்ஸின் தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் மாடல் ஒன்றை மாட்டியிருந்தார். அந்த நீச்சலை அவர் முடிக்கவில்லை. பத்து மணி நேரத்துக்கும் மேல் போராடி, குளிர் தாங்காமல் படகில் தூக்கிப் போட்டார்கள். வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக் கம்பெனி பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்க விளம்பரம் கொடுத்தது. இந்தக் கதை தெரிந்த மாப்பிள்ளையிடம் தண்ணீர் படக்கூடாது என்று நான் எப்படிச் சொல்வேன்? "பழக்கத்துல சொல்லிட்டேன் தம்பி" என்று முடித்துக்கொண்டேன்.

ஆடி முடிவதற்குள் மாப்பிள்ளை தனியாக வந்தார். குற்றாலம் போயிருக்கிறார். கண்ணாடிக்குள் ஆவி படிந்து, முள் துருவேறி நிற்கிறது. மூடியைத் திறந்தேன். ரப்பர் வளையம் சரியாக உட்காரவே இல்லை, தண்ணீர் சுதந்திரமாகப் போயிருக்கிறது. எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கும்போதே அவர் சொன்னார்: "டூப்ளிகேட்டுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. உங்க வாயால வந்துட்டா என் மச்சினன் முன்னாடி மாமனாருக்கு அசிங்கம். நீங்க மழுப்பினதும்தான் நிம்மதியாச்சு." பிறகு, "தலை தீபாவளிக்கு அங்க கட்டிக்கிட்டுப் போகணும். ரெண்டு நாள் ஓடினா போதும்" என்றார்.

முயற்சி செய்தேன். என் மேசை இழுப்பறையில் இருந்த மிஷின்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். டயலுக்குப் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். அவை மிஷினில் இருக்கிற துளையில் இறங்க வேண்டும். எதிலும் இறங்கவில்லை. போலியின் அளவு போலிக்கே தெரியாது, ஒரே மாடலில் இரண்டு வாங்கினாலும் உள்ளே வேறு வேறாக இருக்கும். கடைசியில் நின்றுபோன வாட்சையே துடைத்து, முள்ளைப் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்திக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டுதான் தலை தீபாவளிக்குப் போனார். யாரும் மணி கேட்கவில்லையாம்.

நான் கேட்கிற கேள்வி இதுதான்: நின்றால் யார் ரிப்பேர் செய்வார்?

அதே பணத்துக்கு என்ன வாங்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கிற டைட்டன், டாட்டாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய கம்பெனி. அதன் செல் வாட்சுக்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. காசியோ இருக்கிறது, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. சாவி மிஷினின் சத்தம்தான் வேண்டும் என்கிறவர்கள் கொஞ்சம் சேர்த்து வைத்து, சீக்கோவின் 5 வரிசையைப் பாருங்கள். 1963-இலிருந்து வருகிறது, அதன் மிஷினைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற மெக்கானிக்குகள் நிறையப் பேர். ரோலெக்ஸின் சாயல்தான் பிடித்திருக்கிறதா? தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு அதே சாயலில் செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. யாராவது கேட்டால் குரலை இறக்காமல் பெயரைச் சொல்லலாம்.

எச்.எம்.டி. பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா, இரண்டு வாக்கியமா தெரியவில்லை.

வேகமாகச் சொல்கிறேன். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் தொடங்கியது, முதல் வாட்சுகளை நேரு வெளியிட்டார். கண் தெரியாதவர்கள் தடவிப் பார்த்து மணி அறிய பிரெய்ல் வாட்ச்கூடச் செய்தார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் பேச வேண்டும். 2016-இல் வாட்ச் கம்பெனியை மூட அரசு முடிவெடுத்தது. அதன்பிறகு பழைய வாட்சுக்குக் கிராக்கி வந்தது, கிராக்கி வந்ததும் அதிலும் போலி வந்துவிட்டது. பழைய மிஷின், பழைய பெட்டி, டயலுக்கு மட்டும் புதுப் பெயின்ட். பைலட் என்ற மாடல் கறுப்பு டயலுக்குப் பெயர் போனது. அதையே மஞ்சளிலும் ஆரஞ்சிலும், விமானப் படம் போட்டு, ராணுவத்துக்குச் செய்தது என்று விற்றால் நம்பாதீர்கள். எழுத்தின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கசிந்திருந்தால் புதுப் பெயின்ட். ஆனாலும் ஒன்று: அந்த வாட்ச் நின்றால் என்னால் ரிப்பேர் செய்ய முடியும். அச்சு முனை தேயாமலிருக்க 17 கல் பதித்த மிஷின், ஸ்பேர் இன்னும் கிடைக்கிறது. பெயின்டுக்குத் தனி விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கட்டுகிறவர்களுக்கு: சாவி வாட்சில் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து விடிகாலை மூன்று மணி வரை தேதியைத் திருப்பாதீர்கள், உள்ளே பல் சக்கரம் அப்போதுதான் பிடித்திருக்கும். ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள், காந்தம் ஏறினால் வேகமாக ஓடும். அதை எடுக்கச் சில நொடி வேலைதான், பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருந்தால் கை கழுவலாம், குளிக்கக் கூடாது. தோல் பட்டையைப் பற்றி ஒரு... சரி, விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.