எடைக்கருவி சொல்லாதது

நேயர்களுக்கு வணக்கம். குழந்தையின் ஊட்டம் என்றதும் நாம் முதலில் விசாரிப்பது எடையைத்தான். எடையை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடுவதில் உள்ள சிக்கலையே இன்று பேச விரும்புகிறேன்.

யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி ஆகிய மூன்றும் இணைந்து 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுள் சுமார் 14 கோடியே 80 லட்சம் குழந்தைகள் வயதுக்குரிய உயரத்தை எட்டவில்லை. 4 கோடியே 50 லட்சம் பேர் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். 3 கோடியே 70 லட்சம் பேரின் எடை அவர்களுடைய உயரத்துக்கு மிஞ்சியிருந்தது. இம்மூன்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லிவிட முடியாது. ஏனெனில் உயரம் குன்றிய குழந்தையே மெலிந்தும் இருக்கலாம், பருத்தும் இருக்கலாம். அதே குழந்தை இரு கணக்கிலும் வந்துவிடும்.

மெலிவு சில வாரங்களிலேயே நேர்ந்துவிடும், உயிருக்கே ஆபத்தானது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கையின் (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே) சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அது கடும் மெலிவு. உயரக் குறைவோ ஓசையின்றி வருவது. தாயின் ஊட்டக்குறைவால் கருவிலேயே தொடங்கி, அடுத்தடுத்து வரும் வயிற்றுப்போக்காலும் சத்தில்லாத இணை உணவாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் ஆழமாகிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு ஊட்டினாலும் இழந்த உயரம் முழுமையாகத் திரும்புவது அரிது. கூடுதல் உணவு கொழுப்பாகச் சேர்ந்துவிடவும் கூடும். கருவில் வாடிப் பிறந்து பின்னர் வேகமாக எடை கூடும் குழந்தைக்கு, வளர்ந்தபின் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

2000-இல் 33 விழுக்காடாக இருந்த உயரக் குறைவு 2022-இல் 22.3 ஆகக் குறைந்தது. அதிக எடையோ 5.3-இலிருந்து 5.6 ஆனது, குறையவே இல்லை. செல்வ நாடுகளின் தொல்லை என்று நாம் வழக்கமாக ஒதுக்கிவிடும் இந்த அதிக எடையுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆசியாவிலும், கால்பங்குக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவிலும் வாழ்கிறார்கள். உயரம் குன்றியோரும் பெரும்பாலும் இவ்விரு கண்டங்களில்தான் இருக்கிறார்கள்.

பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து, 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சித் தரங்களே இன்றைய அளவுகோல். ஐந்து வயது வரை இனவேறுபாட்டைவிட வாழும் சூழலே உயரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஆகவே, "எங்கள் வீட்டில் எல்லாரும் குட்டைதான்" என்ற சமாதானத்தை நான் எளிதில் ஏற்பதில்லை.

எடை பார்க்கக் கருவி ஒன்று போதும். உயரம் பார்ப்பது அப்படியல்ல: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் காலை நீட்டி அளக்க வேண்டும். வேலை மிகுந்த நாளில் முதலில் கைவிடப்படுவது இந்த அளவுதான்.