கண் தெரியாமலா அகராதி தொகுத்தார் மொரோஹாஷி?

சரி, அடுத்த கேள்வி. "ஜப்பானில் ஒரு பேராசிரியர் கண் தெரியாமலே 50,000 சீன எழுத்துகளுக்கு அகராதி எழுதினாராமே, அது எப்படி முடியும்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

அது பாதிதான் சரி. மொரோஹாஷி தெட்சுஜி 1883-இல் நீகாதாவில் பிறந்தவர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் சீனாவுக்குப் படிக்கப் போனார். அங்கே அவரைத் தினமும் படுத்திய சங்கதி ஒன்று உண்டு. காங்சி என்ற பழைய சீன அகராதியைத் திறந்தால் தனி எழுத்துக்குப் பொருள் கிடைக்கும், ஆனால் எழுத்துகள் சேர்ந்து உருவாகும் சொற்கள் கிடைக்காது. பெய்வென் யுன்ஃபூ என்ற தொகுப்பிலோ சொற்கள் குவிந்து கிடக்கும், பொருள் இருக்காது. இரண்டும் ஒரே நூலில் வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

ஊர் திரும்பிய பிறகு தைஷூகான் பதிப்பகத்தின் சுசுகி இப்பெய் அவரைத் தேடி வந்தார். மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலை தொடங்கி, முதல் தொகுதி வெளிவந்தது 1943-இல். 1945 பிப்ரவரி 25 அன்று டோக்கியோவில் விழுந்த குண்டில் கோத்து வைத்த ஈய அச்செழுத்து மொத்தமும் எரிந்துபோனது. நல்லவேளை, முழு நூலின் மெய்ப்புப் படிகளும் (பிழை திருத்த எடுக்கும் அச்சுப் படிகள்) வெவ்வேறு இடங்களில் பத்திரமாக இருந்தன. அதுதான் அகராதியைக் காப்பாற்றியது.

அப்புறம்தான் கண். 1946-இல் வலது கண் பார்வை போனது, இடது கண்ணும் மங்கிவிட்டது. அதாவது, பெரும்பகுதி வேலை பார்வை போவதற்கு முன்பே முடிந்திருந்தது. பிறகு நடந்தது திருத்தமும் மறு அச்சும். அதுவே மலையளவு வேலை, பாவம் மனிதர்!

மறுபடி 50,000 எழுத்தை ஈயத்தில் வெட்ட முடியாது. ஒருமுறை வரைந்தால் லென்ஸ் வழியே வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளும் புகைப்பட அச்சுக்கோப்பு அப்போது இருந்தது. அந்த இயந்திரத்துக்காக இஷீ மொகிச்சி என்ற பெரியவர் எட்டு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து எழுத்துகளை வரைந்தார். எனக்கு இவர்மேல் தனி மரியாதை. டிராகனைக் குறிக்கும் எழுத்துக்கு 16 கோடுகள். அந்த எழுத்தே நான்கு முறை சேர்ந்து ஒரே எழுத்தாக இந்த அகராதியில் இருக்கிறது, மொத்தம் 64 கோடு, பொருள் 'அதிகம் பேசுவது'. அத்தனை கோடும் ஒன்றோடொன்று ஒட்டாமல், மற்ற எழுத்துகளுக்கு உள்ள அதே சதுரத்துக்குள் அடங்க வேண்டும்.

1955-இல் முதல் தொகுதி மீண்டும் வந்தது, 1960-இல் பதின்மூன்றாவதும் வந்து முடிந்தது. மொரோஹாஷிக்கு அப்போது ஏறக்குறைய 77 வயது. 1982-இல், 99 வயதில் காலமானார்.