சூடோ இல்லாம ரூட் ஆகலாமா?! கெர்னல் வாசல்ல நடக்கிற பித்தலாட்டம்

[திரையில்: கருப்பு டெர்மினல், ஒரே ஒரு கமாண்ட்]

நல்லா பாருங்க மக்களே, இது லினக்ஸ் மெஷின், நான் சாதா யூசர்தான், அட்மின் பவர் குடுக்கிற சூடோ கமாண்டைப் போடல, பாஸ்வேர்டும் கேக்கல, ஆனா "நான் எந்த யூசர்"னு சொல்ற "ஹூஆம்ஐ" கமாண்டை ஓடவிட்டா பதில் "ரூட்"னு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசர்னு வருது! இது எடிட்டிங் இல்ல, ப்ரோக்ராம் கெர்னல்கிட்ட என்ன கேக்குதுன்னு வேவு பாக்கிற ஸ்ட்ரேஸ்னு ஒரு டூல், முழு கமாண்டும் திரையில இருக்கு, பாஸ் பண்ணி நீங்களும் அடிச்சுப் பாக்கலாம். ஆபீஸ் சர்வர்ல அடிச்சுட்டு மேனேஜர் கூப்பிட்டாருன்னு என்கிட்ட வந்து நிக்காதீங்க, அவ்ளோதான்.

பேக்ரவுண்டு பத்து செகண்ட்ல. ஒரு ப்ரோக்ராம் தானா ஃபைல் திறக்க முடியாது, நெட்வொர்க்ல பேச முடியாது, எல்லாத்துக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல்கிட்ட கேட்டாகணும், அப்படிக் கேக்கிறதுதான் சிஸ்டம் கால். முடிஞ்சது.

இப்ப ப்ரோக்ராமுக்கும் கெர்னலுக்கும் நடுவுல டீபக்கர், அதாவது இன்னொரு ப்ரோக்ராமை நிறுத்தி உள்ள நோண்டிப் பாக்கிற டூல், எப்படிங்க புகுந்துச்சு? அதுக்கும் ஒரு சிஸ்டம் கால்தான், பேரு பிட்ரேஸ். 1975ல வந்த யூனிக்ஸ் ஆறாவது எடிஷன்லயே இருந்த பழைய ஐட்டம். இன்னைக்கும் லினக்ஸ்ல ஜிடிபிங்கிற டீபக்கர், நம்ம ஸ்ட்ரேஸ் ரெண்டும் இதை நம்பித்தான் பொழப்பு நடத்துது.

தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கிற புரோக்கரை நினைச்சுக்கோங்க. நீங்க மனுவோட உள்ள போறப்ப உங்களை நிறுத்தி "குடு சார் பாக்கலாம்"னு வாங்கிப் பாப்பாரு, வேணும்னா திருத்துவாரு, அப்புறம்தான் கவுன்டருக்கு விடுவாரு. பதிலோட வெளிய வர்றப்பவும் மறுபடி நிறுத்துவாரு, அதையும் மாத்திடுவாரு. பிட்ரேஸும் அச்சு அசல் இதேதான், ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ரெண்டு தடவை ப்ராசஸை, அதாவது ஓடிட்டு இருக்கிற ப்ரோக்ராமை நிறுத்தும், உள்ள போறப்ப ஒண்ணு, வெளிய வர்றப்ப ஒண்ணு. இதுல செம காமெடி என்னன்னா, இது உள்ள போற நிறுத்தமா வெளிய வர்ற நிறுத்தமான்னு முன்னாடியெல்லாம் கெர்னல் நேரா சொல்லவே சொல்லாது, டீபக்கர்தான் ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருக்கணும்! அதைத் தெளிவா சொல்ற வசதி 2019ல லினக்ஸ் 5.3லதான் வந்துச்சு. அத்தனை வருஷம் உலகமே விரல் விட்டு எண்ணிட்டு இருந்திருக்கு பாஸ்.

சரி, நம்ம ரூட் மேட்டருக்கு வருவோம். 64 பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்ல சிஸ்டம் காலோட நம்பர் ஆர்ஏஎக்ஸ்ங்கிற ரிஜிஸ்டர்ல (ப்ராசஸருக்குள்ள இருக்கிற குட்டி சேமிப்பு இடம்) போகும், பதிலும் அதுலயேதான் திரும்பி வரும். "நான் யாரு"ன்னு கேக்கிற கெட்இயுஐடி காலுக்கு நம்பர் 107. ஹூஆம்ஐ அதைக் கூப்பிட்டதும் ஸ்ட்ரேஸ் பிடிச்சு நிறுத்தி, 107ஐ அழிச்சுட்டு மைனஸ் 1னு எழுதிடுது. அப்படி ஒரு கவுன்டரே கிடையாது! கெர்னல் "இங்க அப்படி எதுவும் இல்லப்பா"ன்னு மைனஸ் 38ஐ கையில குடுத்து அனுப்பும், வெளிய வர்ற வழியில ஸ்ட்ரேஸ் அதையும் பிடுங்கி எறிஞ்சுட்டு 0னு வெச்சு விட்டுடும். 0ன்னா ரூட். பாவம் ஹூஆம்ஐ, கெர்னலே சொல்லிடுச்சுன்னு நம்பி, யூசர் பட்டியல் இருக்கிற பாஸ்வேர்டு ஃபைல்ல 0 யாருன்னு தேடிப் பாத்து ரூட்னு பெருமையா பிரின்ட் பண்ணுது.

[திரையில்: "பெர்மிஷன் டினைடு"]

இதே டெக்னிக்ல, பாஸ்வேர்டு ரகசியங்களை வெச்சிருக்கிற ஷேடோ ஃபைலைத் திறந்து பாருங்க, மூஞ்சிலயே கதவைச் சாத்தும். ஏன்னா ஏமாந்தது ப்ரோக்ராம் மட்டும்தான், கெர்னலோட சொந்தக் கணக்குல நீங்க இன்னும் அதே சாதா யூசர்தான். புரோக்கர் குடுத்த டூப்ளிகேட் சர்டிபிகேட்டை அதே ஆபீஸ்ல காட்டினா செல்லுமா?

அப்ப இதுக்கு உருப்படியான யூஸே இல்லையான்னா, இருக்கு. டிஸ்க் நிறைஞ்சு போனா என் ப்ரோக்ராம் என்ன பண்ணும்னு டெஸ்ட் பண்ண நிஜமா டிஸ்க்கை நிரப்ப வேண்டாம், டிஸ்க்ல எழுதச் சொல்ற மூணாவது ரைட் கால் வர்றப்ப மட்டும் "இடம் இல்ல"ன்னு ஸ்ட்ரேஸைப் பொய் சொல்லச் சொன்னா போதும். என்னைக் கேட்டா இதைவிட அழகானது ப்ரூட்ங்கிற டூல், போனை ரூட் பண்ணாம டெர்மக்ஸ்ங்கிற ஆண்ட்ராய்டு டெர்மினல் ஆப்ல உபுண்டு லினக்ஸ் ஓட்டுறீங்கல்ல, அது இந்த வித்தைதான், ப்ரோக்ராம் கேக்கிற ஃபைல் பாதையை வழியில பிடிச்சு, வேற ஃபோல்டருக்குப் போற பாதையை அந்த ப்ராசஸோட மெமரிலயே எழுதி வெச்சு, ரிஜிஸ்டர்ல இருக்கிற அட்ரஸை அங்க திருப்பி விட்டுடும். ஸ்லோவா இருக்குன்னு திட்டாதீங்க, ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு நிறுத்தம்னா பஸ் எப்ப ஊர் போய்ச் சேரும்?

செக்யூரிட்டிக்கு மட்டும் இதை நம்பாதீங்க. பாதையைப் படிச்சு "ஓகே, போ"ன்னு விட்ட அந்த இடைவெளியில அதே ப்ரோக்ராமுக்குள்ள கூடவே ஓடுற இன்னொரு த்ரெட் அந்த மெமரியை மாத்திட்டா கெர்னல் படிக்கிறது வேற பாதை. லினக்ஸ்லயே ஒரு ஓட்டை இருந்துச்சு, எந்த சிஸ்டம் காலை விடலாம்னு வடிகட்டுற செக்காம்ப்னு காவல்காரர் மொதல்ல மனுவைச் செக் பண்ணி அனுப்புவாரு, அவரைத் தாண்டினப்புறம் நம்ம புரோக்கர் நம்பரை மாத்துவாரு! 2016ல 4.8 வெர்ஷன்லதான் வரிசையை மாத்திப் போட்டாங்க.

கடைசியா ஒண்ணு. ஒரு ப்ராசஸுக்கு ஒரே நேரத்துல ஒரு டீபக்கர்தான் ஒட்டிக்க முடியும். அதனால சில கில்லாடி ப்ரோக்ராம்கள் ஆரம்பத்துலயே பிட்ரேஸைத் தானே கூப்பிட்டுப் பாக்கும், எரர் வந்தா "யாரோ என்னைப் பாக்கிறாங்க"ன்னு கடையைச் சாத்திடும். ஆனா அந்த பிட்ரேஸும் ஒரு சிஸ்டம் கால்தானே, நம்பர் 101. அதையும் வாசல்லயே பிடிச்சு, "0, எல்லாம் ஓகே, யாருமே இல்ல"ன்னு பதிலை மாத்தி அனுப்பிட்டா? இந்தக் கமாண்டை நான் திரையில போட மாட்டேன், மேல பாத்ததை வெச்சு நீங்களே எழுதி கமெண்ட்ல போடுங்க, மொதல்ல சரியா போடுறவங்களைப் பின் பண்றேன்.